தின் கிளையன்ட்களுக்குக் கான்ஃபிக் அனுப்ப எது நல்ல வழி: ஐஎன்ஐ கோப்பா, மேலாண்மை சர்வரா, நெட்வொர்க் பூட்டா?

ஐம்பது தின் கிளையன்ட்கள், அதாவது வேலையை சர்வரில் நடத்தித் திரையை மட்டும் காட்டும் சிறு கணினிப் பெட்டிகள், வந்து இறங்கிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் சிட்ரிக்ஸ் அல்லது ஆர்டிபி (சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைத் தொலைவிலிருந்து திறக்கும் முறைகள்) முகவரி, திரை அளவு, பிரிண்டர், நேர மண்டலம், பயனர் தொடக் கூடாத மெனுக்கள் எல்லாவற்றையும், அதாவது கான்ஃபிக்கை, பதிய வேண்டும். கையால் செய்தால், ஒன்றுக்குப் 15 நிமிடம் என்றாலும் பன்னிரண்டரை மணி நேரம் போய்விடும். அடுத்த மாதம் சர்வர் முகவரி மாறினால் இதே வேலை மறுபடியும். ஐந்து பெட்டிகளுக்குள் இருந்தால் கையாலேயே செய்துவிடலாம். அதைத் தாண்டினால், ஒரே இடத்தில் எழுதி எல்லாப் பெட்டிகளும் வாசிக்கும்படி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்கு மூன்று பாதைகள் இருக்கின்றன. கோப்பு சர்வரில் ஓர் ஐஎன்ஐ கோப்பை (அமைப்புகளை வரி வரியாக எழுதிய உரைக்கோப்பு) வைத்து, பெட்டிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழியாக அதன் முகவரியைப் பெட்டிகளுக்குச் சொல்வது முதலாவது. கொள்கைகளையும் குழுக்களையும் வைத்து நடத்தும் மேலாண்மை சர்வர் இரண்டாவது. பெட்டியில் எதையும் வைக்காமல், கான்ஃபிக்கோடு சேர்த்து ஓஎஸ்ஸையே நெட்வொர்க்கில் பூட் செய்வது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் டெல் வைஸ் பெட்டிகளின் ஓஎஸ்ஸான தின்ஓஎஸ்ஸையும், மூன்றாவதற்கு எல்டிஎஸ்பி, தின்ஸ்டேஷன் என்ற இரண்டு இலவச லினக்ஸ் திட்டங்களையும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) எதை ஏற்கிறது. முதல் கேள்வி இதுதான். பல இடங்களில் இதிலேயே முடிவு தெரிந்துவிடும். தின்ஓஎஸ் 8 வரிசை, அதாவது 8.6 வரை, கோப்பு சர்வரிலிருந்து ஐஎன்ஐ கோப்பை வாசிக்கும். 9 வரிசை வாசிக்காது. அதற்கு டெல்லின் மேலாண்மை சர்வரான வைஸ் மேனேஜ்மென்ட் சூட் வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியிலேயே இருக்கும் அட்மின் பாலிசி டூலில் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். ஆகவே சிஸ்டம் தகவல் திரையில் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

மாற்றம் எப்போது போய்ச் சேரும், சேர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும். கோப்பில் ஒரு வரியை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஐம்பதில் 47 பெட்டிகள்தான் அதை வாசித்தன என்று கண்டுபிடிக்கத்தான் நாள் முழுக்க ஆகும்.

சர்வர் கிடைக்காத காலையில் என்ன நடக்கும். மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் எழும். கான்ஃபிக் சர்வர் அதற்கு முன்பே எழுந்து தயாராக நிற்க வேண்டும்.

ரகசியங்கள் எங்கே கிடக்கின்றன. பூட் ஆகும் பெட்டி எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் வாசிக்கும் கோப்பை, அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் வாசிக்கலாம்.

ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் தனி அமைப்பு. கிடங்கில் உள்ள பெட்டிக்கு இரட்டைத் திரை, வரவேற்பறையில் உள்ளதற்குத் தானாக உள்நுழைவு என்று கட்டாயம் வந்து சேரும். அதை எங்கே எழுதுவது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

ஆளும் பணமும். உரிமத்துக்கு எவ்வளவு, சர்வருக்கு எவ்வளவு, இதைப் புரிந்துவைத்திருப்பவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள்.

## வழி 1: கோப்பு சர்வரில் ஐஎன்ஐ

### அமைக்கும் முறை

வெப் சர்வர் அல்லது எஃப்டிபி சர்வரின் வேரில் ‘வைஸ்’ என்ற கோப்புறை, அதற்குள் ‘டபிள்யூஎன்ஓஎஸ்’ என்ற கோப்புறை, அதனுள் அதே பெயரில் முதன்மை ஐஎன்ஐ கோப்பு. இந்தப் பெயர்கள் நிலையானவை. அதே இடத்தில் துணைக் கோப்புறைகளும் வரும்: ‘பிட்மேப்’பில் பின்னணிப் படமும் சின்னமும், ‘சிஏசெர்ட்ஸ்’ஸில் சான்றிதழ்கள், ‘ஐஎன்ஐ’யில் பயனர் பெயரிலான கோப்புகள், ‘இன்க்’கில் மேக் முகவரியின் (பெட்டியின் நெட்வொர்க் அட்டைக்குரிய தனி எண்) பெயரிலான கோப்புகள்.

டிஎச்சிபியில் இரண்டு ஆப்ஷன்கள் (எண்ணிட்ட கூடுதல் தகவல் புலங்கள்) போதும். 161இல் கோப்பு சர்வரின் முகவரி, 162இல் வேர்ப்பாதை. இரண்டையும் ஸ்ட்ரிங் வகையாகவே வரையறுங்கள். 161ஐ ஐபி முகவரி வகையாக வைத்தால் எச்டிடிபிஎஸ் முன்னொட்டை எழுத இடமிருக்காது. 162இல் ‘வைஸ்’ கோப்புறைக்கு மேலே உள்ள பாதை மட்டும் வர வேண்டும். அந்தப் பெயரைப் பெட்டியே சேர்த்துக்கொள்ளும். நீங்களும் எழுதினால் பாதையில் அது இரண்டு முறை வந்து, கோப்பு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

ஒரு பெட்டிக்கு மட்டும் மாற்றம் வேண்டுமா? முதன்மைக் கோப்பின் கடைசி வரியில் இன்க்ளூட் கட்டளையை மேக் மாறியோடு எழுதுங்கள். ‘இன்க்’ கோப்புறையில் அந்தப் பெட்டியின் மேக் முகவரியை, நடுவில் முக்காற்புள்ளி இல்லாமல், கோப்பின் பெயராக வையுங்கள். பயனருக்கான கோப்பு அவர் உள்நுழைந்த பிறகுதான் வாசிக்கப்படும், முதன்மைக் கோப்பில் உள்ள அதே அமைப்பை மாற்றியும் வைக்கும். ஆக முதன்மை, மேக், பயனர் என்பதே வாசிக்கும் வரிசை. இதை ஒரு தாளில் எழுதி சர்வர் அறையில் ஒட்டிவைத்தால், “நான் மாற்றியும் மாறவில்லை” என்ற புகார்களில் பெரும்பாலானவை அந்தத் தாளைப் பார்த்தே தீர்ந்துவிடும்.

### எங்கே சறுக்கும்

நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் பின்னால் டெக்ஸ்ட் நீட்சி ஒட்டிக்கொள்வது நாம் எல்லோரும் பார்த்ததுதான். விண்டோஸ் அந்த நீட்சியை மறைத்துவிடுவதால் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். விண்டோஸின் ஐஐஎஸ் வெப் சர்வரில் இன்னொரு தடங்கல் உண்டு. தனக்குத் தெரியாத நீட்சியுள்ள கோப்பை அது தராது, 404.3 என்று பதில் சொல்லும். ஐஎன்ஐ நீட்சியையும், நீட்சியே இல்லாத ஃபர்ம்வேர் கோப்புகளுக்காக வெறும் புள்ளியையும் மைம் வகைகளில் (எந்த நீட்சிகளைத் தரலாம் என்ற பட்டியல்) சேர்க்க வேண்டும். நீண்ட வரியை அடுத்த வரிக்குத் தொடர்வதற்கான பின்சாய்கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் தொடர்ச்சி அறுந்துபோகும்.

இவையெல்லாம் எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஆபத்தானவை இரண்டு.

ஒன்று, ப்ரிவிலேஜ் அமைப்பும் அதோடு வரும் லாக்டவுனும். பயனர் மெனுவுக்குள் போகாமல் தடுக்க ப்ரிவிலேஜை ‘நன்’ என்று வைப்பது வழக்கம். லாக்டவுனையும் இயக்கினால் அந்தப் பூட்டு ஃபிளாஷில் பதிந்து, ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும். பூட் நேரத்தில் ஜி விசையை அழுத்தி, வாங்கியபோது இருந்த ஆலைநிலைக்குத் திருப்பும் வழியும் அதோடு அடைபடும். இந்த நிலையில் கோப்பு சர்வரின் முகவரி தவறாகப் போனால், புதிய கோப்பைப் பெட்டியால் எடுக்கவும் முடியாது, மெனுவுக்குள் போய் நீங்கள் திருத்தவும் முடியாது. டிஎச்சிபி வழியாக முகவரியைத் திருத்தி மீட்கலாம். முகவரியைப் பெட்டிக்குள்ளேயே நிலையாகப் பதிந்திருந்தால் அந்த வழியும் இல்லை. ஆகவே லாக்டவுன் வரி கடைசியாகத்தான் சேர வேண்டும். மற்ற எல்லா அமைப்புகளும் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு சேருங்கள்.

இரண்டாவது, ஆட்டோலோட். இந்த மதிப்பு 1 ஆக இருந்தால், சர்வரில் உள்ள ஃபர்ம்வேரும் பெட்டியில் உள்ளதும் வேறுபடும்போதெல்லாம் பெட்டி அதை மாற்றிக்கொள்ளும், பழைய பதிப்புக்கு இறங்குவது உட்பட. யாராவது ஒரு பழைய ஃபர்ம்வேர் கோப்பை அந்தக் கோப்புறையில் போட்டுவைத்தால், மறுநாள் காலை மொத்த அலுவலகமும் பின்னோக்கிப் போயிருக்கும். 2 என்று வைத்தால் மேலேறுவது மட்டும் நடக்கும். ஃபர்ம்வேர் மாற்றும் நாள் தவிர மற்ற நாட்களில் 0 வைப்பதே சரி.

### மறைந்திருக்கும் செலவு

முதல் பார்வைக்கு இது இலவசம். இருக்கிற வெப் சர்வரில் ஒரு கோப்புறை போதும். பாதுகாப்பைச் சரிசெய்ய இறங்கும்போதுதான் செலவு தெரியும். பெயரில்லா எஃப்டிபி வைத்தால் உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம். 184, 185 ஆப்ஷன்களில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கலாம், ஆனால் டிஎச்சிபி பதில்கள் மறையாக்கம் இல்லாமலே போகின்றன. எஃப்டிபியும் அப்படியே. எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறினால் உங்கள் சொந்தச் சான்றிதழைப் பெட்டி முன்பே அறிந்திருக்க வேண்டும். ஆலைநிலைக்குத் திரும்பிய பெட்டிக்கு அது தெரியாது. ஆகவே டொமைன் கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் எந்தக் காரணத்துக்காகவும் எழுதாதீர்கள். தானாக உள்நுழையும் கணக்கு தேவைப்பட்டால், எந்த உரிமையும் இல்லாத தனிக் கணக்கு ஒன்றை அதற்கென்றே உருவாக்குங்கள்.

யார் வாசித்தார்கள் என்ற பதிவேடும் இதில் இல்லை. வெப் சர்வரின் அணுகல் பதிவில் ஐபி முகவரிகளை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் இந்த வழியின் மேல் ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. மொத்த அமைப்பும் கண்ணுக்கு முன்னால், வாசிக்கக்கூடிய உரையாக இருக்கிறது. கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியில் வைத்துக்கொண்டால் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது வருடங்கள் கழித்தும் தெரியும். பழைய பதிப்புக்கு ஒரே கட்டளையில் திரும்பலாம். மேலாண்மை சர்வர்களில் இந்த அளவு தெளிவு அபூர்வம். சர்வரில் கோப்பை நேராகத் திருத்தாமல், கிட்டிலிருந்து தற்காலிகப் பெயரில் நகலெடுத்துப் பிறகு பெயர் மாற்றுங்கள். பாதி எழுதிய கோப்பை எந்தப் பெட்டியும் வாசிக்காது.

பொருந்தும் இடம்: 8 வரிசை ஃபர்ம்வேர், ஒரே கட்டடம், நூற்றுக்குக் கீழே பெட்டிகள், உரைக்கோப்பைக் கண்டு மிரளாத ஒரு நிர்வாகி.

## வழி 2: மேலாண்மை சர்வர்

வைஸ் மேனேஜ்மென்ட் சூட்டில் பெட்டி சர்வரிடம் பதிவு செய்துகொள்ளும், ஒரு குழுவில் சேரும், அந்தக் குழுவின் கொள்கையை வாங்கிக்கொள்ளும். தாய்க்குழுவின் அமைப்பு துணைக்குழுவுக்கு இறங்கும். ஒரு பெட்டிக்கு மட்டும் விதிவிலக்கு எழுதினால் அது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். ஐஜெல் பெட்டிகளுக்கு யூனிவர்சல் மேனேஜ்மென்ட் சூட், எச்பி பெட்டிகளுக்கு எச்பி டிவைஸ் மேனேஜர் என்று மற்ற நிறுவனங்களிலும் இதே வடிவம்தான். சர்வரைக் கண்டுபிடிக்கும் முறைதான் வேறுபடும். ஐஜெல் டிஎச்சிபி ஆப்ஷன் 224ஐப் பார்க்கும்.

வைஸில் டிஎச்சிபி வழியாகக் கொடுக்க வேண்டியவை: 165இல் சர்வர் முகவரி, 166இல் உடனடிக் கட்டளைகளுக்கான எம்க்யூடிடி சர்வர், 167இல் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டுமா என்பது, 199இல் பெட்டி எந்தக் குழு என்று சொல்லும் குழு டோக்கன். ஆலையிலிருந்து வந்த பெட்டியை மேசையில் வைத்து கேபிளைச் செருகினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கிளைகள் பல இருந்தால் இந்த வசதிக்கு ஈடே இல்லை. ஒவ்வொரு கிளையின் டிஎச்சிபி ஸ்கோப்பிலும் (முகவரி வரம்பு) வேறு டோக்கன் வைத்தால், பெட்டி தன் ஊர்க் குழுவில் தானாகப் போய்ச் சேரும்.

இங்கே முதலில் சறுக்குவது சான்றிதழ். சர்வர் தானே கையெழுத்திட்ட சான்றிதழோடு நிறுவப்பட்டு, 167 சரிபார்க்கச் சொன்னால் பதிவு நடக்காது. பலர் சரிபார்ப்பை அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். சோதனைக்கு அணைக்கலாம். நடைமுறைக்குப் போவதற்கு முன், பெட்டிகள் நம்பும் சான்றிதழை சர்வரில் போட்டு, சரிபார்ப்பை இயக்குங்கள். அது காலாவதியாகும் தேதியை ஒரு மாதம் முன்பே எச்சரிக்கும்படி நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

அடுத்தது எம்க்யூடிடி. பெட்டிக்கு உடனடிக் கட்டளை போவது இதன் வழியாகத்தான். ஃபயர்வாலில் 443ஆம் போர்ட்டை மட்டும் திறந்து இதை மறந்துவிட்டால், பதிவு ஒழுங்காக நடக்கும், பெட்டியும் பட்டியலில் தெரியும், ஆனால் மாற்றங்கள் அடுத்த முறை பெட்டி தானாகத் தலைகாட்டும்போதுதான் இறங்கும். “சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை” என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

199இல் போகும் டோக்கனையும் நெட்வொர்க்கில் இருப்பவர்கள் பார்க்கலாம். பதிவை நிர்வாகி ஏற்ற பிறகே பெட்டி குழுவில் சேரும் வசதி இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஸ்டாண்டர்ட் பதிப்பு இலவசம், 10,000 பெட்டிகள் வரை தாங்கும். கிளவுடில் நடத்த ப்ரோ உரிமம் வேண்டும், அது பெட்டிக் கணக்கில். சொந்த இடத்தில் நடத்தினால் தனி விண்டோஸ் சர்வர், அதன் உரிமம், காப்புநகல், பதிப்பு உயர்வு எல்லாம் உங்கள் தலையில். முப்பது பெட்டிகளுக்கு இவ்வளவும் அதிகம் என்று தோன்றலாம். 9 வரிசைக்கு வேறு ஒழுங்கான வழி இல்லாததால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு குறை, யார் எதை ஏன் மாற்றினார் என்பது திரைகளுக்குள் சிதறிக்கிடக்கும். விதிவிலக்குகள் பெருகப் பெருக, குழுவில் மாற்றியது சில பெட்டிகளுக்கு மட்டும் போகாமல் நிற்கும். ஒரே விதிவிலக்கு மூன்று பெட்டிகளுக்குத் தேவைப்பட்டால் துணைக்குழு தொடங்கிவிடுங்கள்.

பொருந்தும் இடம்: 9 வரிசை ஃபர்ம்வேர், பல கிளைகள், மாறி மாறி வரும் நிர்வாகிகள், தணிக்கைக்குச் சான்று காட்ட வேண்டிய நிறுவனங்கள்.

## வழி 3: நெட்வொர்க் பூட்

பழைய கணினிகளையே தின் கிளையன்டாக்க நினைப்பவர்களுக்கும் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கும் இது. 1999இல் தொடங்கிய எல்டிஎஸ்பி 2019இல் முழுதாக மாற்றி எழுதப்பட்டது. அதற்கு முந்தைய வழிகாட்டிகள் பூட் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபியின் கோப்புறையில் வைக்கும் ‘எல்டிஎஸ் கான்ஃப்’ கோப்பைப் பற்றிப் பேசும். புதிய பதிப்பு அதைத் தேடாது. இப்போது சர்வரின் ‘இடிசி’க்குள் எல்டிஎஸ்பி கோப்புறையில் ஒரே கான்ஃப் கோப்பு. அதில் எல்லாக் கிளையன்ட்டுகளுக்குமான பிரிவு, மேக் முகவரியைத் தலைப்பாகக் கொண்ட பிரிவுகள், பல பெட்டிகள் இன்க்ளூட் செய்துகொள்ளும் பொதுப் பிரிவுகள் என்று எழுதலாம்.

கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. எல்டிஎஸ்பியின் ‘இனிட்ஆர்டி’ கட்டளையை ஓட்டினால்தான் புதிய அமைப்பு கிளையன்ட்கள் பூட் ஆக இறக்கும் படிமத்துக்குள் (இமேஜ் கோப்பு) போகும். மென்பொருள் சேர்த்திருந்தால் ‘இமேஜ்’ கட்டளையும் வேண்டும். இதை மறந்துவிட்டுப் பெட்டிகளைத் திரும்பத் திரும்ப ரீபூட் செய்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

தின்ஸ்டேஷனில் படிமத்துக்குள்ளேயே பதியும் பில்ட்டைம் கோப்பு, பூட் நேரத்தில் டிஎஃப்டிபி வழி வரும் நெட்வொர்க் கோப்பு, அதற்கு மேல் குழுவுக்கும் தனிப் பெட்டிக்குமான கோப்புகள் என்று அடுக்குகள். எந்தப் பெட்டி எந்தக் குழு என்பதை ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்பு சொல்லும். இந்தக் கோப்புகளை லினக்ஸின் கட்டளை ஓட்டியான ஷெல்தான் வாசிக்கிறது. விண்டோஸில் திருத்திச் சேமித்தால் வரி முடிவில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத குறி, மதிப்போடு சேர்ந்து சர்வர் பெயரையே கெடுத்துவிடும். லினக்ஸ் வரிமுடிவோடு சேமியுங்கள்.

டிஎச்சிபி பக்கம் கவனம் வேண்டும். பழைய பயாஸ் பெட்டியும் புதிய யுஇஎஃப்ஐ பெட்டியும் கேட்கும் பூட் கோப்புகள் வேறு வேறு. பெட்டி தன் வகையைச் சொல்லும் ஆப்ஷன் 93ஐப் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பூட் கோப்பின் பெயருக்கான 67இல் ஒரே பெயரை நிலையாக எழுதிவைத்தால் பாதிப் பெட்டிகள் பூட் ஆகாது. ரவுட்டரின் டிஎச்சிபியை மாற்ற அனுமதி இல்லாத இடத்தில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு டிஎச்சிபி சர்வரை, இருக்கிற டிஎச்சிபியோடு சேர்ந்து இயங்கும் ப்ராக்ஸி முறையில் ஓட்டலாம். எல்டிஎஸ்பி தருவதே அந்த அமைப்பைத்தான்.

ரகசியம் இங்கேயும் அதே கதை. எல்டிஎஸ்பியில் தானாக உள்நுழையக் கடவுச்சொல்லை பேஸ்64இல் எழுதுவார்கள். அது மறையாக்கம் அல்ல, ஒரு கட்டளையில் திரும்பிவிடும். சர்வரில் கோப்பின் அனுமதியை 660 ஆக இறுக்கினாலும், அதன் உள்ளடக்கம் டிஎஃப்டிபியில் திறந்துகிடக்கும் படிமத்துக்குள் போகிறது.

உரிமத்துக்குப் பணம் இல்லை. பணம் போவது ஜிகாபிட் ஸ்விட்ச், நல்ல சர்வர், யுபிஎஸ் ஆகியவற்றுக்கு. எல்டிஎஸ்பி சர்வர் நடுப்பகலில் நின்றால் அறை முழுக்க உறையும். தின்ஓஎஸ்ஸில் அப்படி இல்லை, கான்ஃபிக் சர்வர் நின்றாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு ஓடும். குறுகிய இணைப்பில் தொங்கும் கிளைக்கும் வைஃபையை மட்டும் நம்பும் இடத்துக்கும் இதை நினைக்கவே வேண்டாம்.

பொருந்தும் இடம்: ஒரே அறை அல்லது ஒரே கட்டடம், கம்பி நெட்வொர்க், கலவையான பழைய கணினிகள், லினக்ஸ் தெரிந்த ஓர் ஆள்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | ஐஎன்ஐ கோப்பு | மேலாண்மை சர்வர் | நெட்வொர்க் பூட் |
|---|---|---|---|
| ஏற்கும் பெட்டி | தின்ஓஎஸ் 8.6 வரை | 8.6உம் 9உம் | பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழி பூட்) உள்ள எதுவும் |
| மாற்றம் சேரும் நேரம் | அடுத்த பூட் அல்லது உள்நுழைவு | எம்க்யூடிடி இருந்தால் உடனே | படிமம் புதுப்பித்து ரீபூட் செய்தபின் |
| சேர்ந்ததற்குச் சான்று | வெப் சர்வர் பதிவு மட்டும் | பெட்டிவாரியாகத் திரையில் | சர்வர் பதிவுகள் |
| சர்வர் நின்றால் | புதிய மாற்றம் வராது | புதிய மாற்றம் வராது | புதிதாக எதுவும் பூட் ஆகாது, எல்டிஎஸ்பியில் எதுவும் ஓடாது |
| மாற்ற வரலாறு | கிட்டில் முழுமையாக | திரைகளில் சிதறலாக | கிட்டில் முழுமையாக |
| பணம் போகும் இடம் | பாதுகாப்பைச் சரிசெய்யும் நேரம் | சர்வர், சான்றிதழ், ப்ரோ உரிமம் | ஸ்விட்ச், சர்வர், யுபிஎஸ் |

## 8இலிருந்து 9க்கு நகர்பவர்களுக்கு

குழப்பம் அதிகம் நடப்பது இந்த இடைக்காலத்தில்தான், ஏனென்றால் இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். வைஸ் 5070 போன்ற பெட்டிகளை 8.6க்குக் கொண்டுவந்து, மேலாண்மை சர்வரில் பதிந்து, அங்கிருந்து 9க்கு மாற்றலாம். அதுவரை 161உம் 165உம் ஒரே ஸ்கோப்பில் இருந்தால், ஒரே அமைப்பை இரண்டு இடத்திலிருந்தும் கொடுக்காதீர்கள். எது வென்றது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

முதன்மை ஐஎன்ஐயை எடுத்து வரி வரியாக மூன்று வகையாகப் பிரியுங்கள்: எல்லோருக்கும் பொதுவானவை, ஒரு துறைக்கானவை, ஒரே பெட்டிக்கானவை. முதல் வகை தாய்க்குழுவுக்கு, இரண்டாவது துணைக்குழுவுக்கு, மூன்றாவது விதிவிலக்குக்கு. எதற்கு எழுதப்பட்டது என்று யாருக்குமே தெரியாத வரிகள் சில கட்டாயம் கிடைக்கும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகாமல் விட்டுவிட்டு, சோதனைக் குழுவில் எது உடைகிறது என்று பாருங்கள்.

அந்தச் சோதனைக் குழுவில் ஒவ்வொரு வன்பொருள் மாதிரியிலும் ஒரு பெட்டி, இரட்டைத் திரை உள்ளது ஒன்று, யுஎஸ்பி பிரிண்டர் அல்லது ஸ்கேனர் தொங்குவது ஒன்று, தொலைவுக் கிளையில் ஒன்று இருக்கட்டும். மாதக் கணக்கு முடிக்கும் நாட்களைத் தவிர்த்து ஒரு வாரம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் ஒருமுறையாவது ஆலைநிலைக்குத் திருப்பி, கை படாமல் தானாகக் குழுவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். அது நடந்த பிறகு, பழைய 161, 162 ஆப்ஷன்களை ஒரு ஸ்கோப்பிலிருந்து மட்டும் எடுங்கள். இரண்டு நாள் அமைதியாகக் கழிந்தால் அடுத்த ஸ்கோப். கோப்பு சர்வரை நிறுத்துவதற்கு முன் அதன் அணுகல் பதிவைத் திறந்து, இன்னும் எந்த மேக் கோப்பு கேட்கப்படுகிறது என்று பாருங்கள். அலமாரிக்குப் பின்னால் மறந்துபோன பெட்டி ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும்.